வழிப்பேச்சு

முன்பின் அறியாத இருவர் வழியில் எதிர்ப்படுகின்றனர். ஒருவன் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன். மற்றவன் வறுமையோடு வள்ளலைத் தேடிச் செல்பவன். முன்னவன் பின்னவனை நிறுத்தித் தான் பெற்ற வளத்தைக் கூறுகிறான். அவ்வள்ளலிடம் செல்லும் வழியையும் கூறி அனுப்புகிறான். இந்தச் சந்திப்பை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனது நாட்டுக்கு வழி சொல்கிறது. எங்கே கால் வழுக்கும், எங்கே காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பர், எந்தச் சிற்றூரார் எவ்வுணவை அளித்து விருந்தோம்புவர் என்றெல்லாம் அது எடுத்துரைக்கிறது.

இன்று அதே வேலையைக் கூகுள் வரைபடம் செய்கிறது. தொலைவு, திரும்ப வேண்டிய இடம், சென்றடையும் நேரம் ஆகியவற்றைக் கூத்தனைவிடத் துல்லியமாகச் சொல்கிறது. வழியிலுள்ள உணவகங்களுக்கு விண்மீன் இட்டுக் காட்டவும் செய்கிறது. விற்கும் சோற்றுக்கும் இடும் சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அது அறியாது.

பேருந்து நிலையத்திலும் தொடர்வண்டியிலும் தேநீர்க் கடையிலும் அறிமுகம் இல்லாதவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை வழிப்பேச்சு எனலாம். இறங்குமிடம் வந்ததும் அது அறுந்துவிடும். பேசியவரின் பெயர்கூடத் தெரியாமற் போகலாம். கைபேசி வந்தபின் இப்பேச்சு அருகிவருகிறது என்று பலரும் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. ஆனால், மக்கள் திரையின் கவர்ச்சியில் மயங்கிவிட்டனர் என்று சொல்வது பாதி விளக்கமே. வழிப்பேச்சு எக்காலத்திலும் ஒரு தேவையில்தான் தொடங்கியது. வழி, நேரம், சில்லறை, இடம், செய்தி என ஏதேனும் ஒன்று அயலாரிடமிருந்து வேண்டியிருந்தது. அத்தேவைகளைத் தொழில்நுட்பம் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பேசும் விருப்பம் அழியவில்லை. பேச்சைத் தொடங்குவதற்கான காரணங்கள் அழிந்தன. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைப் போல இதனைத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதி தமிழகத்தில் வேறில்லை எனலாம். ஏனெனில், நூற்றாண்டுகளாக அயலாரை வரவேற்று, தங்கவைத்து, வழியனுப்பி வாழ்ந்த கரை அது.

மடமும் மண்டபமும்

அக்கரையின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். புதுமடம், மண்டபம், பாம்பனைக் கடந்தால் அக்காள்மடம், அடுத்துத் தங்கச்சிமடம், தனுஷ்கோடி செல்லும் வழியில் முகுந்தராயர் சத்திரம். வழிப்போக்கர் தங்கும் இடங்களைக் குறிக்கும் சொற்களே இங்கு ஊர்ப்பெயர்களில் நிலைத்துள்ளன. சேது மார்க்கம் என்று வழங்கிய யாத்திரைப் பாதையில் சேதுபதி மன்னர்கள் பல சத்திரங்களை நிறுவினர். அவற்றைப் பராமரிக்க ஊர்களை மானியமாக விட்டனர். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்தவரும், தஞ்சைப் பகுதியிலிருந்து நடந்து வந்தவரும் ஒரே திண்ணையில் இரவைக் கழித்தனர். மறுநாள் கடலைப் படகில் கடந்தாக வேண்டும். காற்று எப்படி, படகு எப்போது, கூலி எவ்வளவு என்று எவரிடமேனும் கேட்டே தீரவேண்டிய நிலை. கேட்ட பிறகு பேச்சு வேறு திசைகளில் வளர்ந்திருக்கும்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தொடர்வண்டியில் கொழும்புக்குச் செல்லலாம். வணிகரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அரசு அலுவலரும் ஒரே தடத்தில் பயணம் செய்தனர். சத்திரத்துத் திண்ணையின் இடத்தைத் தொடர்வண்டியின் பலகை பிடித்துக்கொண்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை இந்த வழித்தடம் இயங்கியது.

தொடர்வண்டியும் ஒரு தொழில்நுட்பமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தனர். முன்பின் தெரியாத மனிதர்கள் மணிக்கணக்கில் ஒருவரையொருவர் பார்த்தபடி பேசாமல் அமர்ந்திருக்கும் நிலை, தொடர்வண்டியும் டிராமும் வருவதற்கு முன் உலகில் இருந்ததே இல்லை என்று செர்மானியச் சமூகவியல் அறிஞர் கியோர்க் சிம்மல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். ஐரோப்பியர் அந்தச் சங்கடத்தைப் புத்தகத்தாலும் செய்தித்தாளாலும் மறைத்தனர். நம் நாட்டிலும் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் நிலையங்களில் புத்தகக் கடைகளை நடத்தின. ஆகவே, முகத்தை மறைக்கும் பொருள் கைபேசியோடு பிறந்ததன்று.

ஆயினும் செய்தித்தாள் நம்மவர் கையில் வேறொரு வடிவம் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடர்வண்டி இராமேசுவரம் நிலையத்தில் நிற்காமற் சென்றபோது, நாளிதழ்க் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றைப் பிடித்துச் சேகரிக்கும் பணியில் தம் உறவினருக்குத் துணைசெய்த சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அப்படி வந்த தாளை ஒருவர் மட்டும் வாசித்து முடித்துவிடுவதில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பர். பேருந்தில் ஒருவர் தாளை விரித்தால், “நடுப்பக்கத்தைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தந்துர்றேன்” என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை நீளும். ஒரு ரூபாய் இதழ் நான்கு பேரிடம் நான்கு துண்டுகளாக இருக்கும். திரும்பச் சேரும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு கருத்தோடு வந்து சேரும். கைபேசியை அவ்வாறு பிரித்துத் தர முடியாது. தருவதற்கு அதில் பக்கமும் இல்லை; அதனுள் கடிதமும் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருப்பதால் பிறரிடம் கொடுக்கவும் மனம் வராது.

வானொலியும் அப்படியே. இக்கரையில் இலங்கை வானொலி மிகத் தெளிவாகக் கேட்ட காலத்தில், தேநீர்க் கடையின் ஒற்றை வானொலிப் பெட்டி அங்கிருந்த அனைவருக்கும் பொது. பாட்டு ஒன்று முடிந்ததும் அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவருக்கும் உரிமை இருந்தது. பாட்டு இயர்போனுக்குள் நுழைந்த பிறகு அவ்வுரிமை போய்விட்டது. அருகிலிருப்பவர் எதைக் கேட்கிறார் என்பதே நமக்குத் தெரியாதபோது எதைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவது?

கேட்கத் தேவையில்லாத ஊர்

இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். முன்பு அங்கே காதில் விழுந்த வினாக்களை எண்ணி மாளாது. “கீழக்கரை வண்டி எங்கே நிக்கும்?”, “மணி என்ன ஆச்சு?”, “நூறு ரூபாய்க்குச் சில்லறை இருக்குமா?”, “இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா, தண்ணி பிடிச்சிட்டு வந்துர்றேன்.” மணி கேட்பவர் இன்று இல்லை. சில்லறை கேட்பவரும் அருகிவிட்டனர். 2016ஆம் ஆண்டு யுபிஐ பணப்பரிமாற்றம் அறிமுகமான பின்னர், தேநீர்க் கடையில் குறியீட்டைப் படம்பிடித்துப் பணம் செலுத்திவிட்டு வாய் திறவாமல் நகரலாம். பணம் வந்து சேர்ந்ததைக் கடைக்காரர் சொல்வதில்லை; மேசைமேல் இருக்கும் சிறு பெட்டி உரத்த குரலில் அறிவிக்கிறது. அக்கடையில் மிகுதியாகப் பேசுவது இப்போது அந்தப் பெட்டிதான்.

படம் எடுப்பதன் கதை இன்னும் சுவையானது. கைபேசியில் கேமரா வந்தபோது அது புதியதொரு பேச்சைத் தொடங்கிவைத்தது. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றவர்கள், “எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீங்களா?” என்று அருகில் நின்றவரைக் கேட்டனர். எடுத்தவர், “இன்னொண்ணு எடுக்கிறேன், கடலும் தெரியட்டும்” என்பார். எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று பேச்சு நீளும். பின்னர் முன்பக்கக் கேமரா வந்தது; செல்ஃபிக் குச்சியும் வந்தது. தொழில்நுட்பம் திறந்துவைத்த கதவைத் தொழில்நுட்பமே சாத்திக்கொண்டது. இவை இரண்டும் நிகழ்வதற்குச் சில ஆண்டுகளே பிடித்தன.

தனுஷ்கோடிக்குச் செல்லும் வழியையும் எடுத்துக்கொள்வோம். அரிச்சல்முனை வரையிலான தார்ச்சாலை 2017ஆம் ஆண்டு திறக்கப்படும்வரை, பார்வையாளர்கள் மணலிலும் நீரிலும் ஓடும் வேன்களில் நெருக்கியடித்துக்கொண்டு சென்றனர். ஒரு வேன் நிறைய வேறு வேறு ஊரார். வண்டி குலுங்கும்போது ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சிரித்து, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் ஒரே குழுவாக இறங்குவர். ஓட்டுநரே வழிகாட்டி, அழிந்த தேவாலயத்தையும் தொடர்வண்டி நிலையத்தையும் புயல் இரவையும் பற்றித் தாம் கேட்டு வளர்ந்ததைச் சொல்லிக்கொண்டு வருவார். இன்று சொந்த வண்டியில் நேராக முனைக்கே சென்று திரும்பிவிடலாம். சாலை நல்லது; தீவில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. அதனைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால், அந்த வேனோடு போனது என்ன என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தேவை திரும்பி வந்தால் பேச்சும் திரும்பி வரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. பழைய பாம்பன் பாலம் வலுவிழந்ததால் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்படும்வரை, இராமேசுவரம் வண்டிகள் மண்டபத்திலும் இராமநாதபுரத்திலும் நின்றுவிட்டன. விடியுமுன் மூட்டை முடிச்சுகளோடு இறங்கியவர்களிடம் நல்ல கைபேசிகள் இருந்தன. எனினும், எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு வேன் அமர்த்தலாம், ஆளுக்கு எவ்வளவு, முதல் பேருந்து எப்போது என்பதை ஒருவரையொருவர் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிலையங்களின் வாசலில் பழைய வழிப்பேச்சு உயிரோடு இருந்தது. பாலம் திறந்ததும் மக்கள் இருக்கையை விட்டு எழாமல் தீவுக்குச் சென்று சேர்கின்றனர்.

யாருடைய இழப்பு?

இவ்வளவும் வெறும் பழமை ஏக்கம் என்று ஒருவர் ஒதுக்கக்கூடும். மணி கேட்கும் பேச்சு மறைந்ததால் எவருக்கு என்ன நட்டம்? இவ்வினாவுக்கு விடை அதே பேருந்து நிலையத்தில் இருக்கிறது.

எழுத்தறியாத மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பேருந்தின் நெற்றியில் ஒளிரும் பெயர்ப்பலகை அவருக்குப் பயன்படாது. அவர் கையிலுள்ள சிறிய கைபேசியில் மகனுடைய அழைப்பை ஏற்கத் தெரியும். செயலி திறக்கத் தெரியாது. அவருடைய வரைபடம் முழுவதும் பிறர் வாயில் இருக்கிறது. “தம்பி, திருப்புல்லாணி பஸ்ஸு போயிருச்சாப்பா?” என்று கேட்கிறார். தம்பியின் இரு செவிகளிலும் இயர்போன். அடுத்தவரிடம் நகர்கிறார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தெரியாது என்று கையசைக்கிறார். மூன்றாமவர் சற்று இரக்கத்தோடு, “போன்ல பாத்தா தெரியும் பாட்டி” என்கிறார். முன்பு இந்த நிலையத்தில் எல்லாரும் கேட்பவர்களாக இருந்ததால், கேட்பது எவருக்கும் இழிவாக இல்லை. இன்று பெரும்பாலோர்க்குக் கேட்கும் தேவை இல்லை. எஞ்சியிருக்கும் சிலர், கேட்பதாலேயே பின்தங்கியவர்களாகத் தெரிகின்றனர். பொதுவழக்காக இருந்த ஒன்று ஏழைகளின், முதியோரின், எழுத்தறியாதோரின் குறைபாடாக மாறிவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. அப்பிள்ளைக்குச் செவியுள்ள பிள்ளை ஒன்றும் எதிரே வேண்டும் என்பதைச் சொல்லவேண்டிய அவசியம் முன்னோர்க்கு ஏற்படவில்லை.

உங்களைப் போன்ற மாணவர்க்கும் இதில் இழப்பு உண்டு. அது கண்ணுக்கு எளிதில் தெரியாத இழப்பு. தேடுபொறி நாம் கேட்பதற்கு மட்டும் விடை தரும். என்ன கேட்பது என்று தெரியாதவனுக்கு அது ஒரு வெற்றுப் பெட்டி. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர், நாம் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். முத்துப்பேட்டையிலிருந்து பள்ளிக்குச் செல்லும் மாணவிக்குக் கடல்சார் படிப்பு என ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். மண்டபத்தில் இயங்கும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரியும் ஒருவர் அவர் பக்கத்தில் அமர்ந்து புத்தகத்தைப் பார்த்து ஒரு சொல் கேட்டால் போதும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வேலை பற்றிய செய்திகள் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதோ சந்திக்கும் அறிமுகத்தாரிடமிருந்தே மிகுதியாகக் கிடைப்பதாகக் கண்டார். நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். தூரத்தில் உள்ளவர் வேறோர் உலகிலிருந்து செய்தி கொணர்வார். அறிமுகத்தார் எல்லாரும் ஒரு காலத்தில் அயலாராக இருந்தவர்களே.

நாம் பேச விரும்பவில்லை என்பதும் முழு உண்மையன்று. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சிகாகோ நகரத் தொடர்வண்டிப் பயணிகளில் ஒரு பிரிவினரை அயலாரோடு பேசுமாறும் மற்றொரு பிரிவினரைத் தனித்திருக்குமாறும் கேட்டுக்கொண்டனர். பேசினால் பயணம் கசக்கும் என்பதே பெரும்பாலோரின் முன்கணிப்பு. பேசியவர்களோ பயணம் இனித்ததாகக் கூறினர். ஒவ்வொருவரும், ‘மற்றவர் பேச விரும்பமாட்டார்’ என்று எண்ணி வாய்மூடி இருக்கின்றனர். அமெரிக்கர்களுக்கு இதைக் கண்டறிய ஆய்வு தேவைப்பட்டது என்று இராமேசுவரத்துப் பெரியவர் ஒருவர் கேட்டால் சிரிக்கக்கூடும்.

எல்லாப் பேச்சும் இனியதன்று

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். வழிப்பேச்சைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அதனால் துன்புறாதவர்கள். “எந்த ஊரு?” என்னும் கேள்வி தோற்றத்தில் எளியது. அதற்கு விடை சொன்னதும், “ஊருல எந்தப் பக்கம்?”, “யாரு மகன்?”, “குலதெய்வம் எது?” என்று கேள்விகள் ஒவ்வொரு படியாக இறங்கும். கேட்பவர் தேடுவது ஊரையன்று, சாதியை. விடை கிடைத்த கணத்தில் குரலின் குழைவு மாறுவதைப் பலர் அனுபவித்திருக்கின்றனர். அப்படிப்பட்ட ஒருவருக்கு, யாரிடமும் எதுவும் கேட்காமல் எங்கும் சென்றுவர உதவும் கைபேசி ஒரு விடுதலைக் கருவி. தேநீர்க் கடையில் யாராக இருந்தாலும் குறியீடு ஒரே மாதிரிதான் பணத்தை ஏற்கிறது.

பெண்களின் நிலை இதைவிட வெளிப்படையானது. தனியாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவியிடம், “என்ன படிக்கிறே? இன்னும் கல்யாணம் ஆகலையா? இந்நேரத்துக்கு எங்கே போயிட்டு வர்றே?” என்று கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று எண்ணும் ஆண்கள் பேருந்தில் குறைவில்லை. அவள் இயர்போனை அணிந்துகொள்கிறாள். சில வேளை அதில் பாட்டே ஓடாது. அது ஒரு வேலி, தேவைப்பட்ட வேலி. அவ்வேலியைப் பிடுங்கிவிட்டு, ‘முன்போல மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று அறிவுரை கூறுவது எனக்கு உடன்பாடன்று.

ஆனால், இவ்விரு வகைக் கேள்விகளையும் ஒன்றாகக் கருதக்கூடாது. திருப்புல்லாணிப் பேருந்தைக் கேட்கும் மூதாட்டி தம் தேவைக்காகக் கேட்கிறார். அவர் நம்மைப் பற்றி அறிய ஒன்றுமில்லை. ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பவருக்கோ எத்தேவையும் இல்லை. நம்மை அளந்து பார்க்கிறார். தொழில்நுட்பம் ஒழித்தது முதல் வகையை. இரண்டாம் வகை ஒழியவில்லை. இப்போது அது வாய்திறந்து கேட்பதற்குப் பதிலாகச் சமூக ஊடகத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கிறது. அயலாரிடம் ‘எனக்கு இது தெரியாது, சொல்லுங்கள்’ என்று நிற்கும் எளிமைதான் வழிப்பேச்சின் உயிர். அந்த எளிமையில் உயர்வு தாழ்வு இல்லை. கேட்பவர் அக்கணத்தில் சற்றுத் தாழ்ந்து நிற்கிறார். நாளை அதே இடத்தில் விடை சொன்னவர் நிற்பார்.

நீரும் கைபேசியும்

இராமநாதசுவாமி கோயிலுக்குள் இதற்கு ஓர் இயல்பான சோதனைக்களம் இருக்கிறது. கோயிலினுள் 22 தீர்த்தங்கள் உள்ளன. யாத்திரிகர்கள் ஈர உடையோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நடக்கின்றனர். மேலே நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடைவிதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஆணையிட்டது. ஆணை இல்லாவிட்டாலும் தீர்த்தமாடுகையில் தண்ணீரே அவ்வேலையைச் செய்துவிடும். கையில் ஒன்றுமின்றி, சொட்டச் சொட்ட நனைந்து, வரிசையில் நிற்கும் மக்கள் என்ன செய்கின்றனர்? பேசுகின்றனர். “இது எத்தனையாவது?” என்பதுதான் அங்கு மிகுதியாகக் கேட்கப்படும் வினா. கணக்கைத் தவறவிட்டவருக்குப் பின்னால் நிற்பவர் எடுத்துக்கொடுக்கிறார். வழுக்கும் கல்லில் முதியவரின் கையை யாரோ பிடித்துக்கொள்கின்றனர். அதே மக்கள் அதே நாளில் தொடர்வண்டி நிலையத்தில் அருகருகே அமர்ந்து ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பர். இடையில் அவர்களுடைய குணம் மாறிவிடவில்லை.

இதனால் எல்லா இடத்திலும் கைபேசியைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக்கான காரணங்களைச் சில பொது இடங்களில் அறிந்தே விட்டுவைக்கலாம். பேருந்து நிலையத்தில் எண்ணைத் தட்டினால் பேசும் இயந்திரம் வைக்கலாம். அதனருகே விசாரணைச் சாளரத்தில் ஒரு மனிதரும் இருக்க வேண்டும். பேருந்தில் இரு செவிகளையும் மூடிக்கொள்ளாமல் ஒன்றைத் திறந்துவைப்பது சட்டத்தால் வருவதன்று; இளைஞர் தாமே வழக்கமாக்கிக்கொள்ளக் கூடியது. வழி கேட்பவரிடம் கைபேசியைச் சுட்டுவதற்குப் பதில் வாயால் வழி சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

தொழில்நுட்பம் புதிய காரணங்களையும் படைத்துக்கொண்டுதான் இருக்கிறது. தொடர்வண்டிப் பெட்டியிலும் நிலையத்திலும் மின்னேற்றும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் எப்போதும் நிற்கும். “உங்க சார்ஜர் இதுக்குச் சேருமா?”, “பத்து நிமிசம் போட்டுக்கட்டுமா?” என்று தொடங்கும் பேச்சு, மின்னேற்றம் முடியும்வரை நடக்கிறது. பாம்பனில் 2016ஆம் ஆண்டு தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, மீனவர்க்குக் காற்றையும் அலையையும் பற்றிய செய்திகளை அவர்களுடைய மொழிநடையிலேயே தருகிறது. கரையில் வலை பின்னும் இடத்தில் அது ஒலிக்கும்போது பலர் செவியில் ஒன்றாக விழுகிறது. சொன்னது சரியா என்று உடனே வாதம் எழுகிறது. ஒரு கருவி ஒரு செவிக்குள் பேசுகிறதா, பலர் நடுவே பேசுகிறதா என்பதைப் பொறுத்தே அது பேச்சை வளர்ப்பதும் அடைப்பதும்.

இராமேசுவரத்துச் சங்குக் கடைகளில் இப்போது ஒரு புதிய காட்சியைக் காணலாம். வடநாட்டிலிருந்து வந்தவர் தம் கைபேசியில் தம் மொழியில் எதையோ பேசுகிறார். கைபேசி அதைத் தமிழாக்கி, “இந்தச் சங்கின் விலை என்ன என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்” என்று கடைக்காரப் பெண்ணிடம் வினவுகிறது. அரசு அறிவிக்கை போன்ற அத்தமிழைக் கேட்டு அவர் சிரித்துவிடுகிறார். ஏன் சிரிக்கிறார் என்று புரியாமலே வந்தவரும் சிரிக்கிறார். கைபேசி மேசைமேல் கிடக்கிறது. பேரம் அதன்பின் விரல்களில் நடக்கிறது.